போனில் இருப்பது மூலப்படமா? காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களைக் காப்பாற்றுவது பற்றி

2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அன்று முதல் வடக்கு கிழக்கில் எந்தப் போராட்டப் பந்தலுக்குப் போனாலும் முதலில் கண்ணில் படுவது படங்கள்தான். மடியில், கழுத்தில், கம்பியில் கட்டிய கயிற்றில் எல்லாம் படங்கள். ஒரே பந்தலுக்குப் பல தடவை போய் வருபவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். அந்த முகங்கள் ஆண்டுக்கு ஆண்டு மங்கிக்கொண்டு போகின்றன.

வெயிலும் மழையும் அதற்கு ஒரு காரணம். மற்றக் காரணம், படத்தைப் படமெடுத்து அச்சடிப்பது. பழைய பதாகை நிறம் மாறிவிட்டதும் யாரோ ஒருவர் அதைக் கையடக்கத் தொலைபேசியில் படமெடுக்கிறார். அது வட்ஸ்அப்பில் ஸ்டூடியோவுக்குப் போகிறது. அங்கே பெரிதாக்கி, அச்சடித்து, லமினேற் செய்து தருகிறார்கள். இரண்டு வருடத்தில் அதே சுற்று மறுபடியும் நடக்கிறது. மூன்றாவது சுற்றில் கண் இருந்த இடத்தில் கறுப்புப் புள்ளிதான் மிஞ்சும்.

சுயாதீன ஊடகவியலாளராக இந்தக் குடும்பங்களோடு கதைக்கும்போது நான் கேட்கும் கேள்விகளில் ஆகக் கூடிய நேரம் எடுப்பது, “இந்தப் படத்தின்ர ஒறிஜினல் ஆரிட்ட இருக்கு?” என்பதுதான். “போனில இருக்கு” என்பார்கள். போனைத் திறந்து பார்த்தால், இருப்பது அநேகமாக மூலப்படம் அல்ல. வட்ஸ்அப் அல்லது வைபர் வழியாகப் பல கைகள் மாறி வந்த பிரதி.

மூலப்படம் என்பது எது?

கமராவோ போனோ படத்தை எடுத்த கணத்தில் எழுதிய கோப்புத்தான் மூலப்படம். அந்தக் கோப்புக்குள் படத்தோடு சேர்த்து ‘எக்ஸிஃப்’ எனப்படும் தகவல் தொகுதியும் இருக்கும். எடுத்த திகதி, நேரம், கமராவின் மாதிரி, லென்ஸ் விபரம், போனில் இட அமைவு திறந்திருந்தால் எடுத்த இடம் ஆகியவை அதில் பதிவாகும். 1995இல் ஜப்பானிய கமரா உற்பத்தியாளர்களுக்காக உருவான தரம் இது. 2000களின் தொடக்கத்தில் இங்கே வந்த சாதாரண டிஜிட்டல் கமராக்களிலும் இது இருந்தது.

படத்தை வட்ஸ்அப்பில் வழமையான முறையில் அனுப்பினால் இரண்டு விடயங்கள் நடக்கும். எக்ஸிஃப் தகவல் கழன்றுவிடும். படமும் சுருங்கும். 12 மெகாபிக்ஸல் போன் ஒன்றில் 4000க்கு 3000 புள்ளிகளாக எடுத்த படம், நீளப்பக்கம் சுமார் 1600 புள்ளியாகக் குறைந்து போய்ச் சேரும். நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்று வைத்தால், முதலாவதை 13 அங்குலத்துக்கு அச்சடிக்கலாம், இரண்டாவது 5 அங்குலத்தோடு நின்றுவிடும். ‘எச்டி’ என்று தெரிவுசெய்து அனுப்பினாலும் சுருக்கம் நடக்கத்தான் செய்கிறது. பேஸ்புக்கிலிருந்து இறக்கிய படத்துக்கும் இதே கதிதான்.

கோப்பின் பெயரைப் பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். அன்ட்ரொய்ட் போனில் பெயரின் நடுவே ஒரு திகதியும் அதன் பின்னால் ‘டபிள்யூஏ’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும் இருந்தால் அது வட்ஸ்அப் பிரதி. அந்தத் திகதி படம் கைமாறிய நாளைத்தான் காட்டும், எடுத்த நாளை அல்ல. 2006இல் எடுத்த படத்தை 2019இல் மாமா கனடாவிலிருந்து அனுப்பியிருந்தால், கோப்பில் 2019 என்றுதான் இருக்கும். இந்தத் திகதியைப் பார்த்துவிட்டு முறைப்பாட்டுப் படிவத்தில் படமெடுத்த ஆண்டைப் பிழையாக நிரப்பியவர்களைக் கண்டிருக்கிறேன்.

ஒரு திகதியின் பெறுமதி

கோப்புக்குள் இருக்கும் ஒரு திகதியால் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைப்பவர்கள் சனல் 4 காணொளிக்கு நடந்ததைப் பார்க்க வேண்டும். கைகள் கட்டப்பட்ட, நிர்வாணமாக்கப்பட்ட ஆண்கள் சுட்டுக்கொல்லப்படும் காட்சியை அத்தொலைக்காட்சி 2009 ஆகஸ்டில் ஒளிபரப்பியது. போலி என்றது இலங்கை அரசாங்கம். சட்டவிரோதக் கொலைகள் தொடர்பான ஐ.நா. விசேட அறிக்கையாளராக அப்போது இருந்த பிலிப் அல்ஸ்டன், தடயவியல் நோய்க்கூறு, துப்பாக்கிகள், காணொளி ஆகிய துறைகளைச் சேர்ந்த மூன்று நிபுணர்களிடம் அதைக் கொடுத்து ஆராய்ந்தார். காணொளி உண்மையானது என்பதையே அவர்களது முடிவுகள் வலுவாகக் காட்டுவதாக 2010 ஜனவரியில் அறிவித்தார். ஆனால், நிபுணர்களால் விளக்க முடியாமற்போன சில விடயங்களையும் அவர் மறைக்கவில்லை. அவற்றில் ஒன்று, கோப்பில் பதிந்திருந்த 2009 ஜூலை 17 என்ற திகதி. யுத்தம் மே மாதத்தில் முடிந்துவிட்டது. பின்னர் நீளமான பதிப்பு ஒன்று வெளிவந்து, அல்ஸ்டனுக்குப் பின் அப்பதவிக்கு வந்த கிறிஸ்டொவ் ஹெய்ன்ஸ் அதையும் ஆராய்வித்து, 2011இல் உண்மையானது என்ற முடிவுக்கு வந்தார்.

போனின் கடிகாரம் பிழையாக இருந்தாலோ கோப்பு இன்னொரு மென்பொருளுக்குள்ளால் போய் வந்தாலோ கோப்பில் பதியும் திகதி மாறும். மூலக்கோப்பும் அதை எடுத்த கருவியும் கைவசம் இருந்தால் இப்படியான கேள்விக்குப் பதில் சொல்ல இலகு. பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்வது கடினம்.

வீட்டுப் படங்களில் இந்தச் சிக்கல் அடிக்கடி வரும். பற்றரி கழற்றி மாட்டிய பழைய கமராக்களின் கடிகாரம் தொடக்கத் திகதிக்குத் திரும்பிவிடும். 2005இல் நடந்த சாமத்திய வீட்டுப் படத்தில் 2000 ஜனவரி 1 என்று இருக்கும். அதைக் கோப்புக்குள் போய்த் திருத்தாதீர்கள். பிழையான திகதியும் அந்தக் கமராவின் அடையாளம்தான். சரியான திகதியைப் பக்கத்தில் தனிக் குறிப்பாக எழுதி வையுங்கள்.

முகத்தை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள்

ஆணைக்குழுக்களுக்கும் அலுவலகங்களுக்கும் கடவுச்சீட்டு அளவில் படம் கொடுத்துக் கொடுத்து, எங்களுடைய வீடுகளில் ஒரு பழக்கம் ஊறிவிட்டது. குடும்பப் படத்தில் முகத்தை மட்டும் வெட்டி எடுப்பது, மிச்சத்தைக் கைவிடுவது.

2025 ஆகஸ்டில் செம்மணி சித்துப்பாத்தி புதைகுழியில் மீட்கப்பட்ட உடைகளும் பொருட்களும் பொதுமக்கள் அடையாளம் காண்பதற்காகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. அங்கே வைக்கப்பட்டவை முகங்கள் அல்ல, துணியும் காலணியும் வளையலும்தான். அப்படியான ஓர் இடத்தில் ஒரு தாய்க்கு உதவக்கூடியது, மகன் அந்தச் சேட்டோடு நிற்கும் முழுப் படம். மகளின் செருப்புத் தெரிகிற படம். பல் தெரியச் சிரித்த படமும் முக்கியம். முன் பல்லின் இடைவெளியும் உடைந்த பல்லும் அடையாளத்துக்கு உதவக்கூடியவை. ஆகவே யாருக்காவது முகம் மட்டும் தேவை என்றால் ஒரு பிரதியை எடுத்து அதில் வெட்டுங்கள். மூலப்படம் முழுச் சட்டகத்தோடு இருக்கட்டும்.

இப்போது இன்னொரு தொல்லையும் சேர்ந்துவிட்டது. மங்கிய படத்தைத் தெளிவாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள். அவை அழிந்துபோன விபரத்தை மீட்பதில்லை. இலட்சக்கணக்கான வேறு முகங்களில் கற்றதை வைத்து, இந்த இடத்தில் இப்படியொரு கண் இருந்திருக்கலாம் என்று புதிதாக வரைகின்றன. முல்லைத்தீவில் ஒரு அம்மாவிடம் அப்படித் தெளிவாக்கிய படம் இருந்தது. உறவுக்காரப் பெடியன் ஒருவன் நல்ல எண்ணத்தில் செய்து கொடுத்தது. “வடிவாத்தான் இருக்கு. ஆனா இது என்ர பெடியன்ர கண் இல்ல, பிள்ளை” என்றார். கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டு ஸ்டூடியோக்காரர் செய்து தருவதாவது முகத்தைத் தொடுவதில்லை. சுவரில் மாட்டுவதற்கு எதை வேண்டுமானாலும் மாட்டுங்கள். அடையாளம் காட்டும் ஆவணமாக இவற்றைக் கொடுக்காதீர்கள்.

மூலப்படம் எங்கே இருக்கும்?

2002இல் யுத்தநிறுத்தம் வந்து ஏ9 வீதி திறந்ததும் வன்னிக்கு வந்தவற்றில் டிஜிட்டல் கமராவும் ஒன்று. பலரின் கையில் அது இருக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து கோயில் திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் வந்த உறவினர்தான் படமெடுத்தார்கள். மெமரி காட்டை அவர்கள் திரும்பக் கொண்டுபோய்விட்டார்கள். ஆகவே இங்கே பல தடவை இடம்பெயர்ந்து எல்லாவற்றையும் தொலைத்த குடும்பத்தின் மூலப்படம், ரொறொன்ரோவிலோ சூரிச்சிலோ ஒரு பழைய லப்டொப்பில் தூங்கிக்கொண்டிருக்கலாம். என் அனுபவத்தில், தேடத் தொடங்க ஆக நல்ல இடம் அதுதான். கேட்கும்போது “படத்தை அனுப்புங்கோ” என்று மட்டும் கேட்டால் வட்ஸ்அப்பில்தான் வரும். “அந்தக் கோப்பை அப்படியே, டொக்கியூமென்டாக அனுப்புங்கோ” என்று கேளுங்கள். வட்ஸ்அப்பிலேயே டொக்கியூமென்ட் என்ற தெரிவின் வழியாக அனுப்பினால் கோப்பு சுருங்காமல், எக்ஸிஃப் தகவலோடு வந்து சேரும். மின்னஞ்சல் இணைப்பும் சரி.

அடுத்த இடம் ஸ்டூடியோ சீடிகள். அந்தக் காலத்தில் கலியாணம், பிறந்தநாள் படங்களை சீடியில் எழுதித் தந்தார்கள். எழுதக்கூடிய சீடியில் தகவல் ஒரு சாயப்படலத்தில் இருக்கிறது. வெக்கையும் வெளிச்சமும் அதை மெல்ல மெல்லக் கொல்லும். தகரக் கூரைக்குக் கீழே இருபது வருடம் இருந்த சீடி இன்று வாசிக்குமா என்பது அதிர்ஷ்டம். ஒரு கணினியில் வாசிக்காவிட்டால் எறிந்துவிடாதீர்கள். இன்னொரு டிரைவில் வாசிக்கலாம். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி மெல்லிய துணியால் துடையுங்கள், வட்டமாகத் துடைக்கக்கூடாது. இந்த வேலையை இந்த மாதமே செய்யுங்கள்.

பிறகு பழைய போன்களும் மெமரி காட்டுகளும். காட்டைக் கணினியில் போட்டதும் “ஃபோமற் செய்யவா?” என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சின்ன மைக்ரோ காட்டை மாட்டும் அடப்டரின் பக்கத்தில் ஒரு சிறு பூட்டு இருக்கும். அதைக் கீழே தள்ளிவிட்டால் கணினியால் காட்டுக்குள் எதையும் எழுத முடியாது. அழிந்துவிட்டதாகத் தெரியும் படங்களையும் ‘போட்டோரெக்’ என்ற இலவச மென்பொருளால் பெருமளவு மீட்கலாம். ஒரு நிபந்தனை உண்டு. அழிந்த பிறகு அந்தக் காட்டில் புதிதாக எதையும் எடுத்திருக்கக்கூடாது. மீட்டவற்றையும் அதே காட்டில் சேமிக்கக்கூடாது.

எங்கே தேடியும் மூலப்படம் கிடைக்காவிட்டால், இருக்கும் பிரதிகளில் புள்ளி எண்ணிக்கை கூடியதுதான் இனி உங்கள் மூலப்படம். மற்றப் பிரதிகளையும் அழிக்க வேண்டாம். ஒன்றில் வெட்டுப்பட்ட ஓரம் இன்னொன்றில் இருக்கும். கடதாசிப் படம் மட்டும் இருந்தால் 600 டிபிஐயில், ‘டிஃப்’ வடிவத்தில் ஸ்கான் செய்யுங்கள். பின்பக்கத்தையும் கட்டாயம் ஸ்கான் செய்யுங்கள். ஸ்டூடியோவின் முத்திரையும் அப்பாவின் கையெழுத்தில் ஒரு திகதியும் அங்கேதான் இருக்கும். அல்பத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காமல் தாளோடு சேர்த்து ஸ்கான் செய்தால் போதும்.

மூன்று பிரதி

பீற்றர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 2005இல் டிஜிட்டல் படங்களைப் பேணுவது பற்றி எழுதிய நூலின் வழியே பரவிய ஒரு கணக்கு உண்டு. மூன்று பிரதி, இரண்டு வகையான ஊடகம், ஒன்று வேறோர் இடத்தில். கடைசிப் பகுதியை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகள் அதோடு முடிந்துபோயின.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். ஒரு பிரதி வீட்டுக் கணினியில் அல்லது ஹாட் டிஸ்க்கில். இன்னொன்று உறவினர் வீட்டில், முடிந்தால் வேறு மாவட்டத்தில் அல்லது வேறு நாட்டில், இன்னொரு ஹாட் டிஸ்க்கில். மூன்றாவது இணையச் சேமிப்பில். பென் டிரைவ் கொண்டுபோகத்தான் நல்லது, வைத்திருக்க அல்ல. மின்சாரம் படாமல் ஆண்டுக்கணக்கில் மேசை இழுப்பறைக்குள் கிடந்தால் அதிலுள்ள தகவல் அழியக்கூடும். ஹாட் டிஸ்க்கையும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது இயக்கிப் பாருங்கள்.

போனிலிருந்து எடுக்கும்போது கேபிள் போட்டு, கமராக் கோப்புறையை அப்படியே பிரதி செய்யுங்கள். ஐபோன் என்றால் அமைப்புகளில், கணினிக்கு மாற்றும்போது ‘மூலக்கோப்பை வைத்திரு’ என்ற தெரிவைப் போட வேண்டும், இல்லாவிட்டால் அது தானாகவே வேறு வடிவத்துக்கு மாற்றிவிடும். கோப்பைத் திறந்து பார்ப்பதில் பிழையில்லை. திருப்புவது, வெட்டுவது, ‘சேவ்’ அமத்துவது எல்லாம் பிரதியில் மட்டும்.

கூகுள் போட்டோஸ் பாவிப்பவர்கள் மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும். சேமிப்புத் தரம் ‘ஒறிஜினல்’ என்று இருக்க வேண்டும். மற்றத் தெரிவு படத்தைச் சுருக்கும். 2021 ஜூனிலிருந்து எந்தத் தரத்தில் ஏற்றினாலும் 15 ஜிபி என்ற இலவச அளவுக்குள் கணக்கிடப்படுகிறது. ஜிமெயிலும் அதே 15க்குள்தான். மூன்றாவதுதான் எங்களுக்கு மிகவும் பாரதூரமானது. இரண்டு வருடங்கள் பாவிக்கப்படாத தனிப்பட்ட கணக்குகளை 2023 டிசம்பர் முதல் கூகுள் அழிக்கத் தொடங்கியது. இறந்துபோன அல்லது காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் கணக்கு உங்கள் வீட்டில் ஏதாவதொரு போனில் இன்னும் திறந்திருந்தால், இன்றே உள்ளே போய், ‘டேக்அவுட்’ வசதி மூலம் எல்லாவற்றையும் இறக்கி எடுங்கள். படங்களோடு சிறிய எழுத்துக் கோப்புகளும் வரும். குப்பை என்று அழிக்க வேண்டாம், திகதி விபரங்கள் அவற்றில் இருக்கின்றன.

மூன்று பிரதியும் ஒன்றுதானா என்று எப்படித் தெரியும்? அதற்கு ‘ஷா-256’ என்ற கணக்கீடு இருக்கிறது. ஒரு கோப்பை அதற்குக் கொடுத்தால் 64 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட ஒரு வரி கிடைக்கும். படத்தில் ஒரேயொரு புள்ளி மாறினாலும் வரி முழுவதும் மாறிவிடும். ‘செவன்-சிப்’ என்ற இலவச மென்பொருளைக் கணினியில் போட்டால், கோப்பின் மேல் வலது கிளிக் செய்து இதைப் பெறலாம். அந்த வரியை ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், பத்து வருடம் கழித்தும் இது அதே கோப்புத்தான் என்று காட்டலாம். டிஜிட்டல் ஆதாரங்களைக் கையாள்வது பற்றி ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகமும் பேர்க்லி பல்கலைக்கழகமும் 2020இல் வெளியிட்ட பேர்க்லி நெறிமுறையிலும் இந்த முறை இருக்கிறது.

யார் இது?

பெயர் இல்லாத படத்தை எத்தனை இடத்தில் வைத்தும் பயன் குறைவு. படத்தில் இருப்பவர் யார், பக்கத்தில் நிற்பவர்கள் யார், எங்கே, எப்போது, யார் எடுத்தது, உங்கள் கைக்கு எப்படி வந்தது என்பவற்றை எழுதுங்கள். இந்த விபரங்கள் தெரிந்த அம்மாமார், அப்பாமார் பலர் பதில் கிடைக்காமலே காலமாகிவிட்டார்கள். எழுத நேரமில்லை என்றால், அம்மாவைப் படத்தின் முன்னால் இருத்தி, அவர் சொல்வதைப் போனில் ஒலிப்பதிவு செய்யுங்கள். பல வேளைகளில் அதுதான் எழுத்தைவிட நல்லது.

எழுதுவதானால் யுனிகோட்டில் எழுதுங்கள். எங்களிடம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த குறிப்புகள் மலைபோல் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். மற்றது, குறிப்பைக் கோப்புக்குள் புகுத்தாமல் அதே கோப்புறையில் தனி எழுத்துக் கோப்பாக வையுங்கள்.

எதை எங்கே வைக்கக்கூடாது

2009இல் இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வரும்போது, பிள்ளைகள் சீருடையோடு நிற்கும் படங்களை எரித்தவர்களும் புதைத்தவர்களும் உண்டு. அந்தப் பயம் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், பேஸ்புக்கில் பதிவிட்ட படங்களுக்காகக் கைதானவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். அப்படியான படங்களை அழிக்கச் சொல்லவும் எனக்கு மனமில்லை. சில தாய்மாரிடம் இருக்கும் கடைசிப் படமே அதுதான். போனில் வைத்துக்கொண்டு திரிய வேண்டாம், இணையத்தில் போட வேண்டாம், நம்பிக்கையான ஒருவரிடம் நாட்டுக்கு வெளியே ஒரு பிரதி இருக்கட்டும். கடவுச்சொல் போட்டுப் பூட்டும் மென்பொருட்கள் உண்டு. ஆனால் கடவுச்சொல் தொலைந்தால் படமும் தொலைந்தது என்பதால் வயதானவர்களுக்கு நான் அவற்றைச் சிபாரிசு செய்வதில்லை.

பொதுவில் பகிரும் படங்களிலும் இட விபரத்தை நீக்கிவிட்டு, பிரதியை மட்டும் பகிருங்கள். இந்த ஒரு தேவைக்கு மட்டும் வட்ஸ்அப்பின் சுருக்கம் நன்மையாக முடிகிறது.

கையளிக்கும்போது

பரணகம ஆணைக்குழு, காணாமல் போனோர் அலுவலகம், தொண்டு நிறுவனங்கள், என்னைப் போன்ற ஊடகவியலாளர்கள் எனப் பலர் படம் கேட்டு வந்திருக்கிறார்கள். இன்னும் வருவார்கள். ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் 46/1ஆம் தீர்மானம் 2021இல் நிறைவேறிய பிறகு, ஆதாரங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் பொறிமுறை ஒன்று ஜெனீவாவில் இயங்குகிறது. இலங்கைத் தமிழரின் ஆவணங்களை 2005 முதல் டிஜிட்டலாக்கிவரும் நூலகத் திட்டம் இருக்கிறது. பிந்தியது பொதுமக்கள் பார்வைக்கு உரியது என்பதால், எந்தப் படத்தைக் கொடுப்பது என்பதைக் குடும்பமாக இருந்து தீர்மானியுங்கள்.

யார் கேட்டாலும் டிஜிட்டல் கோப்பின் பிரதியைக் கொடுங்கள். மெமரி காட்டையோ போனையோ ஒரேயொரு கடதாசிப் படத்தையோ கழற்றிக் கொடுக்காதீர்கள். நீதிமன்றம் மூலக்கருவியைக் கேட்டால் சட்டத்தரணி மூலம், அதற்கு முன் முழுப் பிரதி எடுத்துவிட்டுக் கொடுங்கள். எத்தனை கோப்பு, என்ன பெயர், யார் வாங்கியது, எந்தத் திகதி, எதற்காக என்று ஒரு தாளில் எழுதி, வாங்குபவரின் கையொப்பத்தைப் பெறுங்கள். கையொப்பம் வைக்கத் தயங்குபவருக்குப் படம் கொடுக்க வேண்டியதில்லை. அந்தத் தாளையும் ஸ்கான் செய்து, படத்தோடு அதே கோப்புறையில் போட்டு வையுங்கள்.